தெரியாதவர்போல் நிற்கும் மரியாதை

இன்று காலை மங்கலம் ரோட்டுப் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றவர் எங்களுக்குத் தைக்க வேலை கொடுக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியின் மேனேஜர். நேற்றுச் சாயங்காலம் எங்கள் ஷெட்டில் உட்கார்ந்து என்னோடு சிரித்துப் பேசிவிட்டுப் போன மனிதர். இன்று அவரோடு டை கட்டிய ஓர் ஆள் இருந்தார். மேனேஜர் என் முகத்துக்கு நேரே பார்த்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற தேங்காய் பன்னைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நானும் அவரைத் தாண்டி ரோட்டில் போகிற லாரியைப் பார்த்தேன். டை கட்டியவர் சிகரெட் வாங்கத் திரும்பிய நேரத்தில் மட்டும், மேனேஜர் உதடு அசையாமல், “சௌக்கியமுங்களா பாய்?” என்றார். “இருக்கேங்க” என்றேன். அவ்வளவுதான். கோபம் இல்லை, மனக்கசப்பும் இல்லை. இந்த ஊரில் இதற்குப் பெயர் மரியாதை. பல வருஷமாக இதைச் செய்துகொண்டிருக்கிறேன். இன்னும் ஒவ்வொரு தடவையும் மிச்ச டீயைக் கீழே ஊற்றிவிட்டுத்தான் வருகிறேன்.

முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடிப் பக்கமிருந்து இன்னும் நம் பிள்ளைகள் பஸ் ஏறி வருகிறார்கள். நான் வந்தபோது கையில் பெட்டியும் வயிற்றில் பசியும்தான். இப்போது வருகிறவர்களிடம் படிப்பு இருக்கிறது, நல்ல போன் இருக்கிறது, பயம் மட்டும் இல்லை. “மாமா, யாரைப் போய்ப் பார்க்கணும், எப்படிப் பேசணும்?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத வராது. நான் பேசப் பேச என் மகள் ஜரினா எழுதுகிறாள், புத்தகத் தமிழுக்கு மாற்றிக்கொள்கிறாள். எங்களுக்கு வேலை கொடுக்கிற முதலாளியைப் பொன்னுச்சாமி என்று சொல்லப்போகிறேன். அது அவர் பெயர் இல்லை. எங்கள் கம்பெனிப் பெயரைச் சொல்லவே போவதில்லை. ஏன் என்று போகப்போகப் புரியும்.

ஊரில் எங்களுக்குக் கரிமூட்டம். கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி, தீ வைத்துக் கரியாக்கி விற்பது. அந்தத் தொழிலில் வாய்தான் முதல். லாரிக்காரன் வந்து நின்றால், “எங்க கரி மதுரைக்குப் போகுது, அந்த ஓட்டல்காரருக்கு எங்க கரிதான் வேணும்” என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி கத்த வேண்டும். யார் யாரைத் தெரியும் என்று சத்தமாகச் சொல்கிறவனுக்குத்தான் மதிப்பு. தெரிந்தவனைத் தெரியாதவன்போலப் பார்த்தால் அன்றைக்கே அடிதடி. வேலை வேண்டுமென்றால், “எனக்கு வேலை குடுங்கய்யா” என்று நேராகக் கேட்போம். இல்லை என்றால் அவரும், “இல்ல, போ” என்பார். மனசில் வைத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

அந்த வாயோடுதான் திருப்பூர் வந்து இறங்கினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனி முதலாளியிடம் போய், வேலை வேண்டும் என்றேன். அவர் எழுந்து நின்று, “வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க” என்றார். முதலாளி எழுந்து நின்றதைப் பார்த்து எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. கடைசியில், “பாத்துக்கலாங்க, அதுக்கென்னங்க” என்றார். நான் வேலை கிடைத்துவிட்டது என்று மறுநாள் விடியக் காலையில் டிரங்குப் பெட்டியோடு போய் நின்றேன். அவர் வந்து பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “என்னுங்க இது, பொட்டியோடவே வந்துட்டீங்க?” என்றார். “நீங்கதான பாத்துக்கலாம்னீங்க” என்றேன். அவர் சொன்னது இல்லை என்ற பதில். இந்த ஊரில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பாவம், பெட்டியைப் பார்த்துவிட்டு அவரால் மறுபடியும் சொல்ல முடியவில்லை. துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து இந்த ஊர்க்காரர்கள் மரியாதையாகப் பேசினால் எனக்கு முதலில் வருவது சந்தோஷம் இல்லை. அதற்கு உள்ளே என்ன இருக்கிறதோ என்ற பயம்தான் வரும்.

கைமடியிலிருந்து டெய்லர் ஆகி, பிறகு சொந்தமாகச் சில மெஷின் போட்டு ஒரு பவர்டேபிள் ஆரம்பித்தேன். பவர்டேபிள் என்றால் பெரிய கம்பெனிக்காரர்கள் வெட்டி அனுப்புகிற துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுக்கிற சின்ன ஷெட். எங்களுக்கு ஆரம்பத்திலிருந்து பொன்னுச்சாமி கம்பெனி வேலைதான். அவர் காங்கேயம் பக்கத்துக்காரர். தோட்டம், மாடு எல்லாம் இன்னும் வைத்திருக்கிறார். நல்ல மனிதர். ஜரினாவைப் பள்ளிக்கூடப் பிள்ளையாகப் பார்த்தவர், அவளை “கண்ணு” என்றுதான் கூப்பிடுவார், அவள் அவரை அண்ணா என்பாள். எனக்கு ஊசித்துளை தெரியாமல் போன பிறகு ஜரினாதான் ஷெட்டைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். என்னிடமே “ங்க” போட்டுத்தான் பேசுவாள். இருந்தாலும் பேச்சு மட்டும்தான் இந்த ஊர், ரத்தம் கரிமூட்டம் என்பதை நான் கண்காட்சி நடந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன்.

“எத்தன நாளைக்குங்கத்தா ஒரே ஆள நம்பி இருக்கறது?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். எங்களில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். நியாயம்தான். சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கு ஓட்டல் ஹாலில் ஒரு வகுப்பு நடக்கிறது என்று சேர்ந்தாள். நெட்வொர்க்கிங் என்று பெயர். துணைக்கு நானும் போனேன். திருப்பூர் வெயிலில் எல்லாரும் கோட்டுப் போட்டுக்கொண்டு, நெஞ்சில் பெயர் குத்திக்கொண்டு நின்றார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த வாத்தியார் எதெல்லாம் கெட்ட பழக்கம் என்று சொல்லிக்கொடுத்தார். பெயரைக் கேட்பதற்கு முன்னால் விசிட்டிங் கார்டை நீட்டக் கூடாது. பேசிக்கொண்டிருக்கும்போது அவர் தோளுக்கு மேலே வேறு பெரிய ஆள் வருகிறாரா என்று எட்டிப்பார்க்கக் கூடாது. வாயில் வடையை வைத்துக்கொண்டு பேசக் கூடாது. தெரிந்தவர்களோடே ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, தானாகப் போய் அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும், செய்கிற வேலையைப் பெருமையாகச் சொல்ல வேண்டும். எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் அவர் சொல்லாமல் விட்டதுதான் இங்கே அதிகம்.

கமுதிப் பையன் ஒருத்தன், படித்தவன். ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்த கம்பெனி மேனேஜரின் பக்கத்து இலையைப் பிடித்து வேலை கேட்டான். அவர், “மொதல்ல சாப்புடுங்க தம்பி” என்று அவன் இலைக்கு இன்னொரு ஜிலேபி வைக்கச் சொன்னார். பையன் எனக்குப் போன் போட்டு, “மாமா, ஜிலேபியெல்லாம் வச்சாரு, வேல முடிஞ்ச மாதிரிதான்” என்றான். அந்தக் கம்பெனி கேட்டை அவன் அப்புறம் தாண்டவே இல்லை. சாப்பாட்டில் உட்கார்ந்தவரிடம் கேட்காதீர்கள், எழவு வீட்டில் கேட்கவே கேட்காதீர்கள். இன்னார் அனுப்பினார் என்று, அவரைக் கேட்காமல் அவர் பெயரைச் சொல்லாதீர்கள். மேனேஜர் இருக்க, அவர் தலையைத் தாண்டி முதலாளிக்குப் போன் போடாதீர்கள். காலையில் பூப்படம் போட்டுக் குட்மார்னிங் அனுப்புகிறீர்களே, அதையும் விடுங்கள். ஆனால் இதெல்லாம் மன்னிக்கிற தப்பு. மன்னிக்காத தப்பு ஒன்று இருக்கிறது.

வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டர் கொடுக்கும்போது, எங்கள் துணி உங்கள் ஃபேக்டரிக்குள்ளேதான் தைக்கப்பட வேண்டும், வேறு யாரிடமும் போகக் கூடாது என்று பேசிக்கொள்வார்கள். ஆனால் கப்பலுக்கு நாள் நெருங்கும்போது ஃபேக்டரியால் முடியாது. அப்போது கொஞ்சம் பீஸ் சத்தமில்லாமல் எங்களைப் போன்ற ஷெட்டுக்கு வரும். எல்லாரும் அப்படிச் செய்வதில்லை, செய்கிறவர்கள் செய்கிறார்கள். ஆர்டர் கொடுக்கிற பையர் கண்ணில் நாங்கள் படவே கூடாது. பட்டால் ஆர்டர் போகும். முதலாளி போவார், அவருக்குப் பின்னால் நாங்கள் போவோம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நானும் ஜரினாவிடம் சொன்னதில்லை.

அந்த வருஷம் ஊரில் துணிக் கண்காட்சி நடந்தது. ஜரினா என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனாள். உள்ளே பொன்னுச்சாமியின் ஸ்டால். முன்னால் ஒரு குழந்தைப் பைஜாமா தொங்குகிறது, மஞ்சள் துணியில் வாத்துப் படம். எங்கள் ஷெட்டில் தைத்தது. அதற்கு முன்னால் பையர், ஒரு வெள்ளைக்கார அம்மா, நின்று அவரோடு பேசிக்கொண்டிருந்தார். பொன்னுச்சாமி எங்களைப் பார்த்தார். பார்த்த கண் அப்படியே வழுக்கி எங்களைத் தாண்டிப் போயிற்று. எனக்குப் புரிந்துவிட்டது. “வா, அங்கிட்டுப் போவோம்” என்று ஜரினா கையைப் பிடிக்கப் போனேன். அவள் கை என் கையில் இல்லை. வாத்தியார் சொல்லிக்கொடுத்த மாதிரியே சிரித்த முகத்தோடு போனாள். அவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் நின்றாள். வணக்கம் சொன்னாள், அந்த அம்மாவின் பெயரைக் கேட்டாள். பைஜாமாவைக் காட்டி, இதை நாங்கள்தான் தைத்தோம் என்று இங்கிலீஷில் சொன்னாள். கடைசியாக, இரண்டு கையாலும் கார்டை நீட்டினாள். ஒரு குற்றம் சொல்ல முடியாது.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. தையலைத் தடவிப் பார்த்து, “பியூட்டிஃபுல்” என்றார். கார்டைப் படித்துவிட்டுப் பொன்னுச்சாமியைத் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தபடிதான் இருந்தது, கண் மட்டும் மாறியிருந்தது. பொன்னுச்சாமி, “சாம்பிள் ஒன்லி, சாம்பிள் ஒன்லி” என்றார். பிறகு ஜரினா பக்கம் திரும்பிக் கும்பிட்டார். “ரொம்ப சந்தோஷமுங்க மேடம். போயிட்டு வாங்க.”

ஸ்கூட்டரில் திரும்பும்போது ஜரினா பேசிக்கொண்டே வந்தாள். “பாத்தீங்களாத்தா, அவங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! அண்ணன்கூடக் கும்புட்டு அனுப்புனாரு.” பின்னால் உட்கார்ந்திருந்த நான் மேடம் என்ற அந்த ஒரு வார்த்தையையே நினைத்துக்கொண்டு வந்தேன். கண்ணு என்று கூப்பிட்ட மனிதர் மேடம் என்று கும்பிட்டு அனுப்பினார் என்றால், நாங்கள் அவர் வீட்டு வாசலுக்கு வெளியே போய்விட்டோம் என்று அர்த்தம். அதை எப்படிச் சொல்ல? (இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, “நான் ஒண்ணும் தப்பாப் பேசலீங்கத்தா” என்கிறாள் ஜரினா. உண்மைதான். அவள் தப்பாகப் பேசியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.)

அன்று இரவே அந்த அம்மாவிடமிருந்து ஜரினா போனுக்குச் செய்தி. நாளை மறுநாள் ஏர்போர்ட் போகிற வழியில் உங்கள் இடத்தைப் பார்க்க வருகிறேன் என்று. மறுநாள் காலையில் வெட்டுத்துணி கொண்டுவருகிற வேன் வரவில்லை. பக்கத்து ஷெட்டில் அயர்ன் போடுகிற ரங்கசாமி, அவிநாசிபாளையத்துக்காரர், இருபது அடி தள்ளி இருக்கிற எங்கள் சொந்தக்காரர் மாதிரி. அவருக்கும் பொன்னுச்சாமி கம்பெனி வேலைதான். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, “நேராப் போயி கால்ல விழுந்துரவா?” என்று கேட்டேன். எங்கள் ஊரில் அப்படித்தான். நாலு பேர் பார்க்க மன்னிப்புக் கேட்டால் அதோடு முடிந்தது.

ரங்கசாமி பதறிப்போனார். “ஐயோ, அந்த வேலையே வேண்டாமுங்க பாய். நீங்க மன்னிப்புக் கேட்டீங்கன்னா அப்படி ஒண்ணு நடந்துச்சுன்னு ஆயிருமுங்களே. இப்ப ஒண்ணுமே நடக்கலீங்க. அப்படியே உட்ருங்க.”

“நடந்துருச்சேய்யா!”

“உங்குளுக்கும் எனக்கும் நடந்துச்சுங்க. அவருக்கு நடக்கலீங்க. அவரே வருவாரு, பாருங்க. வந்து என்ன சொன்னாலும் சரின்னுருங்க. ஏன்னு மட்டும் கேட்டுப்போடாதீங்க.”

மத்தியானம் பொன்னுச்சாமியே வந்தார். மெஷின் பாதி சும்மா கிடந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு மாடு கன்று போட்டிருக்கிறது என்றார். மழை ஏமாற்றிவிட்டது என்றார். எனக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்டார். கண்காட்சி என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது. எழுந்து கிளம்பும்போது, கதவைப் பார்த்துக்கொண்டு, “நாளைக்கு ஒரு நாள் லீவு உட்ருங்க பாய். ஷட்டரே தொறக்க வேண்டாமுங்க” என்றார். அந்த அம்மா வரப்போவது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

“சரிங்க” என்றேன்.

ஜரினா விடவில்லை. “எதுக்குங்கண்ணா லீவு? பேலன்ஸ் பீஸ் கெடக்குதுங்களே.”

“வெயிலு கடுமையா இருக்குதுங்க மேடம். புள்ளைங்களுக்கும் ரெஸ்ட் வேணுமுல்லீங்க?” அவ்வளவு மெதுவாகச் சொன்னார். வாசலில் எங்கள் போர்டை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் காரில் ஏறினார்.

அன்றைக்கு ஜரினாவும் நானும் சண்டை போட்டோம். “தொறந்து காட்டலாங்கத்தா. பாத்தா நம்மளயும் அவங்க கணக்குல சேத்துக்குவாங்க. எல்லாத்துக்கும் ஒளிஞ்சுக்கணுமா?” என்றாள். “சேக்கலன்னா?” என்றேன். பொன்னுச்சாமி கம்பெனி வாசலில் காலையில் நிற்கிற பஸ்ஸும், அதிலிருந்து இறங்குகிற பெண்களும் என் கண்ணில் வந்து வந்து போனார்கள். அந்த ஆர்டர் போனால் அந்தப் பஸ் நிற்காது. இந்த ஊரில் அந்தப் பழி நம் பெயரில் எழுதப்பட்டால், யார் நமக்கு ஒரு பீஸ் கொடுப்பார்கள்? “சண்டை போடாதீங்க, நான் தொறக்கல” என்று போர்டைக் கழற்றி அவளே உள்ளே கொண்டுபோய்ச் சுவரோடு சாய்த்தாள். பெயர் தெரியாத பக்கமாகத் திருப்பி.

மறுநாள் வீட்டில் இருக்க முடியவில்லை. ஷெட்டுக்குள் போய் ஷட்டரை உள்ளிருந்து இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். ஃபேன் போடவில்லை, சத்தம் கேட்கும் என்று. ஷெட்டுக்குப் பின்னால் தங்கி எங்களிடம் வேலை செய்கிற குனி என்ற ஒடிசாப் பெண்ணும் எங்களோடு வந்து உட்கார்ந்தாள். பள்ளிவாசலில் மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். என்னால் எழுந்து போக முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் கார் ஒன்று வந்து நின்றது.

குனி என் பக்கம் சாய்ந்து, “தாத்தா, போலீஸா?” என்றாள்.

“போலீஸ் இல்லம்மா. ஆர்டர் குடுக்குற மேடம்.”

“ஆர்டர் மேடம் அச்சா தானே தாத்தா? ஏன் பயம்?”

நான் வாயில் விரல் வைத்தேன். ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைக்கு நான் எதைச் சொல்ல?

வெளியே டிரைவர் குரல் கேட்டது. “இங்க ஜரினா மேடம் பவர்டேபிள் எதுங்க?”

ரங்கசாமி குரல். “அப்படி யாரும் இல்லீங்களே.”

“இந்த அட்ரஸ்தாங்க போட்டிருக்குது.”

“இது குடோனுங்க. பூட்டியே கெடக்குதுங்க. நான் இத்தன வருஷமா இங்கதான இருக்கறேன், அப்படி ஒரு ஆள நான் பாத்ததே இல்லீங்க.”

என் பேத்தி காதுகுத்துக்குப் பந்தி பரிமாறிய மனிதர். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல மாட்டாரா என்றுதான் இருந்தது. ஜரினாவின் கையில் இருந்த போன் வெளிச்சம் போட்டது. சத்தம் இல்லாமல் வைத்திருந்தாள். அந்த அம்மாதான் கூப்பிடுகிறார், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று. ஜரினா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஷட்டரைப் பார்த்தேன். எடு என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவள் போனைத் துணி மூட்டைமேல் கவிழ்த்து வைத்தாள். ஓரத்தில் வெளிச்சம் துடித்துத் துடித்து நின்றது.

செருப்புச் சத்தம் ஷட்டர் வரைக்கும் வந்தது. அடியில் வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கோட்டில் இரண்டு நிழல் நின்றது. பிறகு ஒரு விசிட்டிங் கார்டு ஷட்டருக்கு அடியில் நுழைந்தது. அந்த அம்மாவுடைய கார்டு. பாதிதான் உள்ளே வந்தது. குனி எடுக்கக் கை நீட்டினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எடுத்தால் உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடும். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கார்டைப் பார்த்துக்கொண்டே மூச்சை அடக்கி இருந்தோம். கார் கிளம்பிப் போயிற்று.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, ஜரினா போன் மறுபடியும் வெளிச்சம் போட்டது. பொன்னுச்சாமி. ஜரினா எடுத்தாள். ஷெட்டு அமைதியில் அவர் குரல் எனக்கும் கேட்டது. “என்ன கண்ணு, நல்லா இருக்கறயா? நாளைக்குக் காலைல வேன் அனுப்பறேன். அர்ஜென்ட் பீஸு, பாத்துக்க.”

“சரிங்கண்ணா” என்றாள் ஜரினா. கண்ணு என்றுவிட்டார். அவர் வீட்டு வாசலுக்கு உள்ளே மறுபடியும் வந்துவிட்டோம். ஜரினா மட்டும் சிரிக்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே ரங்கசாமி ஷட்டரைத் தட்டினார். “போயிட்டாங்க பாய். வெளிய வாங்க, டீ வாங்கியாந்துட்டேன்.”

நான் போய் ஷட்டரைத் தூக்கினேன். வெயில் மொத்தமாக முகத்தில் அடித்தது. ரங்கசாமி இரண்டு கையிலும் டீயோடு, என் முகத்தைப் பார்க்காமல், கொஞ்சம் தள்ளி நின்றார். வெளியே எட்டு வைக்கக் காலைத் தூக்கினேன்.

“அத்தா, பாத்து. கார்ட மிதிச்சிராதீங்க” என்றாள் ஜரினா உள்ளேயிருந்து.

அவள் வந்து எடுக்கவும் இல்லை. ஒரு கால் வெளியே வெயிலில் சுட்டது, ஒரு கால் உள்ளே இருந்தது. அந்தக் கார்டுக்கு இரண்டு பக்கமும் காலை வைத்துக்கொண்டு, ஷட்டரைத் தலைக்கு மேல் பிடித்தபடி, அப்படியே நின்றேன்.